காபிக்கொட்டை அரைக்கத் தொடங்குபவர்களுக்கு

வறுத்த கொட்டையாக வாங்கி வீட்டிலேயே அரைத்துக் குடிக்க வேண்டும் என்ற ஆசை இப்போது இளையவர்களிடம் பெருகி வருகிறது. நல்ல ஆசைதான். காபி குடித்த வீடுகளில் ஒரு காலத்தில் இருந்த பழக்கமும்கூட. வாணலியில் கொட்டையை வறுத்து, மேஜை விளிம்பில் திருகி மாட்டிய கைமிஷினில் அன்றாடத் தேவைக்கு அரைத்துக்கொண்டார்கள். பிறகு பொடிக்கடைகளும் பாக்கெட்டுகளும் வந்து அந்த வேலையை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டன. நான் அப்படியொரு பொடிக்கடையில் அரவை மிஷினுக்குப் பக்கத்தில் நின்றே நரைத்தவன். எந்த எஸ்டேட் கொட்டை, என்ன வறுவல், பீபெரி எத்தனை பங்கு என்றெல்லாம் கேட்பவர்கள் நிறையப் பேர். “என் பாத்திரத்துக்கு எந்தப் பதத்தில் அரைக்க வேண்டும்?” என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கோப்பையில் வரும் குறைகள் பலவற்றுக்கு அந்தக் கேள்வியில்தான் விடை இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பவற்றை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. எதற்காக அரைக்கிறோம் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

முழுக்கொட்டையை வெந்நீரில் போட்டால் தண்ணீர் அதன் மேல்தோலை மட்டும் தொட்டுவிட்டு நின்றுவிடும். உள்ளே இருப்பது வெளியே வர வேண்டுமானால் தண்ணீர் படும் பரப்பு கூட வேண்டும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 1,000 துண்டுகள், 60 சதுர சென்டிமீட்டர் பரப்பு. இன்னும் நைஸாக, பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நொறுக்கினால் 600 சதுர சென்டிமீட்டர். பொருள் அதேதான், எடையும் அதேதான். தண்ணீர் தொடும் இடம் மட்டும் நூறு மடங்காகிவிட்டது.

வறுத்த காபியில் தண்ணீரில் கரையக்கூடியது ஏறக்குறைய 30 சதவீதம். அதில் அத்தனையும் நமக்கு வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1950களில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற வேதியியலர் இதை அளந்து ஒரு வரைபடமாகவே போட்டார். பொடியின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்து இறங்கினால் காபி நன்றாக இருக்கிறது என்பது அதன் சாரம். இன்றும் உலகம் முழுக்க அந்த வரைபடத்தை வைத்துப் பேசுகிறார்கள். புளிப்புச் சத்துகள் முதலில் சுலபமாகக் கரையும். இனிப்பும் மணமும் கலந்த நடுப்பகுதி அதையடுத்து வரும். கசப்பும் துவர்ப்பும் கடைசியில் மெதுவாக இறங்கும். எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் சுவை இருக்கிறது. நிறுத்தும் கருவி அரவைதான்.

2. தண்ணீர் எவ்வளவு நேரம் பொடியோடு இருக்கும் என்று பார்த்துப் பதத்தை முடிவு செய்யுங்கள்

நேரம் குறைவென்றால் நைஸ், நேரம் அதிகமென்றால் கரகரப்பு. மனப்பாடம் செய்ய வேண்டிய விதி இது ஒன்றுதான். எஸ்பிரெஸோ மிஷினில் 9 பார் அழுத்தத்தில் 25, 30 விநாடிகளில் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குத் தூள் உப்பைவிட நைஸான பொடி வேண்டும். இத்தாலியர் 1933 முதல் வீடுகளில் வைத்திருக்கும் மோக்கா பாத்திரத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கரகரப்பு. காகித வடிகட்டியில் ஊற்றி மூன்று நான்கு நிமிடத்தில் இறக்குவதற்குச் சன்ன ரவை பதம். பிரெஞ்ச் பிரஸில் நான்கு நிமிடம் ஊற வைப்பதற்குப் பொடித்த கல் உப்பைப் போல. குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைப்பவர்களும் அந்தக் கரகரப்பிலேயே அரைக்கலாம். துருக்கியர் மட்டும் மைதா மாதிரி அரைத்துப் பொடியோடு கொதிக்கவிட்டு, மண்டி அடியில் தங்கியதும் மேலாகக் குடிப்பார்கள்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பிரெஞ்ச் பிரஸில் நேரத்தை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். நான்கு நிமிடம் என்றால் நான்கு நிமிடம். காகித வடிகட்டியிலும் நம் ஊர் ஃபில்டரிலும் நேரத்தைப் பொடிதான் முடிவு செய்கிறது. நைஸாக அரைத்தால் பரப்பும் கூடும், தண்ணீர் இறங்கும் நேரமும் நீளும். ஒரு திருகில் இரண்டு மாற்றங்கள். அதனால்தான் இந்தப் பாத்திரங்களில் சின்ன மாற்றம்கூட நாக்கில் பெரிதாகத் தெரிகிறது.

3. நம் ஃபில்டருக்கு உள்ள பதத்தைக் கையால் அறிந்துகொள்ளுங்கள்

கோதுமை மாவைவிடக் கரகரப்பு, ரவையைவிட நைஸ். சொல்லச் சுலபம், விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு சிட்டிகைப் பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மணல் தெரிய வேண்டும், ஆனால் குத்தக் கூடாது. விரலை உதறினால் பெரும்பகுதி உதிர்ந்து, ரேகைகளில் மட்டும் கொஞ்சம் பழுப்பு தங்க வேண்டும். விரல் முழுக்க மாவாக அப்பிக்கொண்டால் நைஸ் அதிகம். ஒன்றுமே ஒட்டாமல் உதிர்ந்துவிட்டால் கரகரப்பு அதிகம்.

நைஸ் அதிகமானால் இரண்டு தொல்லை. துளைகளுக்குள் தூள் போய் அடைத்துக்கொள்ளும், டிகாஷன் இறங்காது. அடைக்காத தூளோ துளை வழியே கீழே இறங்கி டிகாஷனில் மண்டியாகத் தங்கும். கரகரப்பு அதிகமானால் ஊற்றிய தண்ணீர் ஐந்து நிமிடத்தில் கீழே வந்துவிடும். நிறம் இருக்கும், திடம் இருக்காது, பாலில் கலந்ததும் காபி காணாமல் போய்விடும்.

கடைக்கு ஒரு பெண் வந்து சண்டை பிடித்தது நினைவிருக்கிறது. “ஐயா, தண்ணி ஊத்தி ஒரு மணி நேரமாச்சு, ஒரு சொட்டு இறங்கல. பொடி சரியில்ல.”

“நல்லா நைஸா அரைச்சுக் குடுங்கன்னு நீதானே கேட்டே? சரி, பொடியை எப்படிம்மா போட்டே?”

“கரண்டியால நல்லா அமுக்கி, குடையையும் அழுத்தி வெச்சேன்.”

“அமுக்கினது யாரு, பொடியா?”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த முறை மிஷின் திருகில் இரண்டு கோடு தள்ளிக் கரகரப்பாக அரைத்துக் கொடுத்தேன். பொடியைத் தட்டிச் சமப்படுத்தினால் போதும், குடையை அதன் மேல் மெல்ல உட்கார வைத்தால் போதும் என்றும் சொல்லி அனுப்பினேன். ஃபில்டரில் டிகாஷன் சொட்டுச் சொட்டாக, 15 முதல் 25 நிமிடத்துக்குள் இறங்கி முடிந்தால் அரவை சரி. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு மற்றதைத் திருத்திக்கொள்ளலாம்.

4. சிக்கரியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்துக் காபியோடு கலக்கிறோம். அதில் காஃபின் கிடையாது. காபியைவிடக் கூடுதலாகத் தண்ணீரில் கரையும். ஈரத்தை இழுத்துக்கொண்டு உப்பும். அதனால்தான் சிக்கரி கலந்த பொடியில் டிகாஷன் மெதுவாகவும் கெட்டியாகவும் கறுப்பாகவும் இறங்குகிறது.

புதிதாகக் கொட்டை அரைக்கத் தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. அதுவரை சிக்கரி கலந்த பாக்கெட் பொடியைப் போட்டவர்கள், ஒருநாள் தனிக் காபியை அதே பதத்தில் அரைத்துப் போடுவார்கள். டிகாஷன் மடமடவென்று இறங்கிவிடும், நிறமும் வெளுத்திருக்கும். “நல்ல கொட்டைன்னு சொன்னாங்க, இப்படி இருக்கே” என்று கொட்டையைத் திட்டுவார்கள். தனிக் காபிக்கு ஒரு படி நைஸாக அரைக்க வேண்டும், பொடியையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். அவ்வளவுதான். சிக்கரி வேண்டுமென்றால் தாராளமாகச் சேருங்கள், அது குற்றமில்லை. ஆனால் கொட்டையோடு போட்டு அரைக்காதீர்கள். பொடியாக வாங்கி, அரைத்த பிறகு கலந்துகொள்ளுங்கள். 100 கிராமில் 15, 20 கிராம் சிக்கரி இருந்தாலே தாராளம். சட்டப்படி கலப்புப் பொடியில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம், அதைப் பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். வாங்குமுன் அந்த வரியைப் படியுங்கள்.

5. நைஸ் என்றால் ஸ்ட்ராங் என்று நினைக்காதீர்கள்

“இன்னும் நைஸாப் போடுங்க, ஸ்ட்ராங்கா வேணும்” என்பது பொடிக்கடையில் தினம் கேட்கிற வாசகம். ஓரளவு வரை அது உண்மை. அந்த அளவைத் தாண்டினால் பொடி கெட்டித்துக்கொள்ளும். தண்ணீர் எல்லா இடத்திலும் சமமாகப் புக முடியாமல், வழி கிடைத்த ஓரிரு இடத்தில் மட்டும் வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடும். அந்த வழியில் இருக்கும் பொடியிலிருந்து கசப்பு வரை எல்லாம் அரித்துக்கொண்டு வரும். மற்ற இடத்துப் பொடி பாதி நனைந்தபடி சும்மா கிடக்கும். விளைவு, கசப்பும் இருக்கும், சப்பென்றும் இருக்கும்.

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்து வேதியியலர் கிறிஸ்டோபர் ஹெண்டனும் சில கணித அறிஞர்களும் சேர்ந்து இதை எஸ்பிரெஸோவில் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். வழக்கமான 20 கிராமைக் குறைத்து 15 கிராம் போட்டு, அரவையையும் கொஞ்சம் கரகரப்பாக்கினால் தண்ணீர் சமமாக ஓடுகிறது, ஒரு கோப்பைக்கும் அடுத்த கோப்பைக்கும் வித்தியாசம் குறைகிறது என்று கண்டார்கள். ஸ்ட்ராங் வேண்டுமென்றால் தண்ணீரைக் குறையுங்கள், அல்லது பொடியைக் கூட்டுங்கள். திருகை முறுக்கிக்கொண்டே போகாதீர்கள்.

6. சமமாக அரைக்கும் மிஷினுக்குக் காசு கொடுங்கள்

எவ்வளவு நைஸ் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு சமம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. எந்த மிஷினில் அரைத்தாலும் ஒரே அளவுத் துகள் மட்டும் வராது. கண்ணுக்குத் தெரியாத தூளும் வரும், பெரிய குருணையும் வரும். உடைத்த பருப்பையும் முழுப் பருப்பையும் ஒரே குக்கரில் வைத்தால் ஒன்று குழைந்துபோகும், மற்றொன்று விதை விதையாக நிற்கும். பொடியிலும் அதே கதைதான். தூள் அளவுக்கு மீறிக் கரைந்து கசக்கிறது, குருணை கரையாமல் புளிப்போடு நிற்கிறது. இரண்டும் ஒரே கோப்பையில் சேரும்போது என்ன குறை என்றே சொல்லத் தெரியாத ஒரு காபி கிடைக்கிறது.

பிளேடு சுழலும் மிஷின் கொட்டையை வெட்டுவதில்லை, அடித்து உடைக்கிறது. பிளேடில் மாட்டியது பத்து முறை அடிபடும், ஓரத்தில் ஒதுங்கியது ஒரு முறைகூட அடிபடாது. பர் மிஷின் அப்படியில்லை. பல் வெட்டிய இரண்டு எஃகுத் தட்டுகள், அல்லது கூம்பும் வளையமும், நடுவில் ஒரு குறிப்பிட்ட இடைவெளி. அந்த இடைவெளிக்குள் புகும் அளவுக்குச் சின்னதான பிறகே துகள் வெளியே வரும். பிரான்சின் பெஜோ நிறுவனம் கார் செய்யத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, 1840இல், இந்தக் கொள்கையில் காபி மிஷின் செய்தது. கொள்கை இன்றும் அதுவேதான்.

கையில் இருப்பது கொஞ்சப் பணமென்றால், விலையுயர்ந்த காபி மேக்கரை ஒதுக்கிவிட்டு ஒரு நல்ல கைமிஷின் வாங்குங்கள். இருவர் மூவர் குடிக்கும் வீட்டுக்குக் கைமிஷின் போதும். நாலைந்து பேர் என்றால் கை வலிக்கும், மின்சார மிஷினுக்குப் போகலாம். நாலு மாடல் எதிரே இருந்தால், எத்தனை கோடு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். கைப்பிடியைப் பிடித்துத் தண்டை ஆட்டிப் பாருங்கள். தண்டு ஆடினால் இடைவெளியும் ஆடும், அரவையும் ஆடும்.

7. மிக்ஸிதான் இருக்கிறதென்றால் அதைப் பழக்குங்கள்

எல்லாராலும் உடனே மிஷின் வாங்க முடியாது. பரவாயில்லை. சின்ன ஜாரில் 20, 30 கிராம் மட்டும் போடுங்கள். ஒரே மூச்சில் ஓட்டாமல், மூன்று விநாடி ஓட்டி நிறுத்தி ஜாரைக் குலுக்குங்கள், மறுபடி ஓட்டுங்கள். ஆறேழு தடவையில் முடித்துவிடுங்கள். ஜார் சூடேறவே கூடாது, சூடேறினால் மணம் அங்கேயே போய்விடும். அரைத்ததை ரவை சலிக்கும் சல்லடையில் ஒரு முறை சலித்து, மேலே நிற்கும் குருணையை மட்டும் திரும்ப அடியுங்கள். மிளகாயும் மல்லியும் அரைக்கும் ஜார் வேண்டாம். கழுவிவிட்டேன் என்று சொல்லாதீர்கள், காபிப்பொடி மணத்தைப் பிடித்து வைப்பதில் கெட்டிக்காரன். சாம்பார்ப் பொடி வாசம் டிகாஷன் வரை வரும்.

8. கொட்டை மாறினால் திருகையும் மாற்றுங்கள்

போன மாதம் சரியாக இருந்த பதம் இந்த மாதக் கொட்டைக்குச் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். கறுப்பாக வறுத்த கொட்டை நொறுங்கும் தன்மையுள்ளது, தூள் அதிகம் விழும், சுலபமாகக் கரையும். அதற்கு ஒரு படி கரகரப்பாகவே அரையுங்கள். இளம்பழுப்பில் நிறுத்திய கொட்டை கெட்டியாக இருக்கும், கைமிஷினில் சுற்றும்போதே தோளில் தெரியும். அதற்கு நைஸ் வேண்டும்.

கடைப் பலகையில் பார்க்கும் பெயர்களையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டு வழக்கில் பழத்தோல் நீக்கிக் கழுவிக் காய வைத்த அரபிகா ‘பிளாண்டேஷன்’. பழத்தோடு உலர்த்தியது ‘செர்ரி’. ஒரு பழத்தில் இரண்டு விதைக்குப் பதில் ஒற்றை உருண்டை விதையாக வந்தது ‘பீபெரி’. கலவையில் ஒன்றின் பங்கு மாறினால்கூட டிகாஷன் இறங்கும் வேகம் மாறலாம். புதுக் கொட்டை வாங்கிய முதல் இரண்டு மூன்று நாளை அரவை சரிபார்க்கும் நாட்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டையின் சூட்டுக்கும் இதில் பங்கு உண்டு. குளிர்ந்த கொட்டை நைஸாகவும் சமமாகவும் உடைகிறது என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதற்காக வீட்டில் கொட்டையை உறைய வைக்கத் தேவையில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் டப்பாவை வைக்காமல் இருந்தால் போதும்.

9. தேவைக்கு மட்டும் அரையுங்கள்

வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைபட்டுக் கிடக்கிறது. மணம் தரும் பொருள்களும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. உடைத்த மறுகணம் இரண்டும் வெளியேறத் தொடங்குகின்றன. அரைக்கும்போது கூடம் முழுக்க மணக்கிறதே, அதெல்லாம் கோப்பைக்கு வர வேண்டியது. முழுக்கொட்டை நல்ல டப்பாவில் சில வாரம் தாங்கும். பொடி சில நாள்தான். எனவே காலைக்குக் காலையில் அரையுங்கள். முடியாவிட்டால் இரண்டு நாளுக்கு அரைத்து, காற்றுப் புகாத சின்ன டப்பாவில், தலை வரை நிரப்பி மூடி வையுங்கள். பெரிய டப்பாவில் அடியில் கொஞ்சமாகப் பொடி கிடந்தால் மேலே இருக்கும் காற்றே அதைக் கெடுத்துவிடும்.

ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்து, திறந்து, மூடி, மறுபடி உள்ளே வைப்பதைச் செய்யாதீர்கள். குளிர்ந்த பொடியில் வெளிக்காற்றின் ஈரம் படியும். நம் கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம், சிக்கரி கலந்த பொடி கட்டி தட்டிவிடும்.

புதுப்பொடியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. வெந்நீர் பட்டதும் நுரை கட்டி மேலெழும்பினால் புதுசு. எந்தச் சலனமும் இல்லாமல் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தால் பழசு.

10. கரண்டியை நம்பாமல் எடை போடுங்கள்

நைஸ் பொடியும் கரகரப்புப் பொடியும் ஒரே கரண்டியில் ஒரே எடை இருக்காது. அரவையை மாற்றிவிட்டு அதே இரண்டு கரண்டி போட்டால், உங்களுக்குத் தெரியாமலே பொடியின் அளவையும் மாற்றிவிட்டீர்கள். பிறகு எதனால் சுவை மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். ஃபில்டருக்கு 25 கிராம் பொடி, 150 மில்லி வெந்நீர் என்று தொடங்குங்கள். அரைத்த பிறகு எடை போடாமல் கொட்டையாகவே எடை போட்டு அரைத்தால் வீணும் இருக்காது.

11. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

காபி சரியில்லையென்றால் கொட்டை, தண்ணீர், பால், சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிப் பார்க்கிறவர்களை அறிவேன். அதில் ஒன்றும் தெரியாது. மற்றதை அப்படியே வைத்துக்கொண்டு அரவையை மட்டும் ஒரு கோடு நகர்த்துங்கள்.

பால் சேர்க்குமுன் டிகாஷனில் ஒரு ஸ்பூன் எடுத்து, அதே அளவு வெந்நீர் விட்டு நாக்கில் வையுங்கள். புளித்து, தண்ணீராக, விழுங்கியதும் வாயில் எதுவும் தங்காமல் இருந்தால் போதுமான அளவு இறங்கவில்லை, நைஸாக்குங்கள். கசந்து, நாக்கு வறண்டு, தொண்டையில் காறினால் அதிகமாக இறங்கிவிட்டது, கரகரப்பாக்குங்கள். கசப்பெல்லாம் அரவையின் குற்றமும் அல்ல. டிகாஷனை அடுப்பில் வைத்துச் சுட வைத்தாலும் கசக்கும், கொட்டையைக் கருக்கி வறுத்திருந்தாலும் கசக்கும். பாலைச் சூடாக்குங்கள், டிகாஷனைச் சூடாக்காதீர்கள்.

இரண்டாம் டிகாஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்லதில் பெரும்பகுதி முதல் டிகாஷனிலேயே வந்துவிட்டது. இரண்டாவதில் மிஞ்சியது வரும். சிக்கனத்துக்காக முதலாவதோடு கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள், வீட்டு வழக்கம்தானே. அதை வைத்து அரவைக்கு மார்க் போடாதீர்கள்.

12. சக்கையைக் கொட்டுமுன் பாருங்கள்

டிகாஷன் இறங்கி முடிந்ததும் மேல் பாத்திரத்துக்குள் எட்டிப் பாருங்கள். சக்கை மட்டமாக, ஒரே ஈரமாக, ஒரே நிறமாக இருந்தால் தண்ணீர் எங்கும் சமமாகப் போயிருக்கிறது. ஒரு பக்கம் குழி விழுந்திருந்தால் அந்த வழியாக ஓடியிருக்கிறது. மேலே சேறு போல வழவழப்பான படலம் படிந்து தண்ணீர் தேங்கியிருந்தால் தூள் அதிகம். கவிழ்த்துத் தட்டும்போது உள்ளே உலர்ந்த பொடி தென்பட்டால் அழுத்தியது அதிகம். அரை நிமிடப் பார்வைதான், நாளைக்கு எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

13. மிஷினைச் சுத்தமாக வையுங்கள்

காபியில் எண்ணெய் இருக்கிறது. தட்டுகளில் ஒட்டிய தூளும் எண்ணெயும் நாளானால் சிக்கு வாடை அடிக்கும், அடுத்து அரைக்கும் நல்ல கொட்டையிலும் அது ஏறும். வாரம் ஒரு முறை கழற்றி உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். எஃகுத் தட்டில் தண்ணீர் படக் கூடாது, துருப்பிடிக்கும். மிளகு, சீரகம், ஏலக்காய் எதையும் அதில் போடாதீர்கள்.

பொடி பறந்து மிஷின் வாயிலும் டப்பா ஓரத்திலும் ஒட்டிக்கொள்கிறதா? உராய்வால் வரும் மின்னூட்டம் அது. அரைக்குமுன் கொட்டையில் ஒரு துளித் தண்ணீர் விட்டுக் கிளறிக்கொள்ளுங்கள். அந்த ஈரம் மின்னூட்டத்தையும் பொடி கட்டிபிடிப்பதையும் குறைக்கிறது என்பதை எரிமலைச் சாம்பலை ஆராய்கிறவர்களும் ஹெண்டனும் சேர்ந்து 2023இல் அளந்தே காட்டினார்கள். ஒரு துளி என்றால் ஒரு துளிதான்.

14. கடையில் அரைக்கக் கொடுத்தால் வாய் திறந்து சொல்லுங்கள்

“கால் கிலோ குடுங்க” என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் ஃபில்டர் பதத்தில் அரைத்துத்தான் கொடுப்பார். எந்தப் பாத்திரம், பால் காபியா கடுங்காப்பியா, சிக்கரி எத்தனை சதவீதம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தனிக் காபி வாங்குகிறீர்களென்றால், முந்தியவருக்குச் சிக்கரி கலந்து ஓட்டிய மிஷினா என்று கேளுங்கள். அப்படியென்றால் உங்கள் கொட்டையில் ஒரு பிடியை முதலில் ஓட்டி ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார், வாடிக்கையாளருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று இன்னும் கவனமாக அரைப்பார். பொடியை வாங்கியதும் கடையிலேயே விரலில் தேய்த்துப் பாருங்கள். வீட்டுக்குப் போன பிறகு நைஸைக் கரகரப்பாக்க எந்த மிஷினாலும் முடியாது.

15. ஒரு காலை இதைச் செய்து பாருங்கள்

இத்தனையும் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு காலையில் செய்து பார்ப்பது மேல். ஒரே கொட்டை, ஒரே எடை, ஒரே அளவு வெந்நீர். ஒன்றை வழக்கமான பதத்திலும் இன்னொன்றை இரண்டு கோடு தள்ளியும் அரைத்து, இரண்டு ஃபில்டரில் போடுங்கள். இரண்டாவது ஃபில்டர் இல்லையென்றால் அண்டை வீட்டில் இரவல் வாங்குங்கள். இரண்டு டிகாஷனையும் பால் விடாமல் ஒரு ஸ்பூன், பால் விட்டு ஒரு வாய் என்று குடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கொட்டைதானா என்று உங்களுக்கே சந்தேகம் வரும். எது பிடிக்கிறதோ அந்தக் கோட்டை ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் ஒட்டிவையுங்கள். உங்கள் நாக்குக்குச் சரியென்று பட்டது எனக்குச் சரியென்று படாமல் போகலாம், அதில் தகராறு ஒன்றுமில்லை. ஆனால் அரவையைச் சரிபார்க்காமல் கொட்டையைக் குறை சொல்லாதீர்கள்.